பூனைகளுக்கு ஒரு சமாதானக் கமிட்டி

மைனி எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது இரண்டு பைகளும் ஒரு பிளாஸ்டிக் கூடையும் கொண்டுவந்திருந்தார். பைகளை என்னிடம் கொடுத்தார். கூடையைத் தரவில்லை. அதன் மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே ஒரு சிவப்புக் கடுவன் பூனை, நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாமனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அண்ணன் போன பிறகு மைனி கோட்டுகாலில் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பூனை இருக்கிறதே என்பார். மழைக்காலத்தில் ஒருநாள் குளிமுறியில், அதாவது குளியலறையில், வழுக்கி விழுந்தார். மைனிக்கு எலும்பு முறியவில்லை. வளைகுடாவில் இருக்கும் மகன்தான் முறிந்துபோனான். அம்மா இனி தனியாக இருக்கக் கூடாது, ஒன்று பாறசாலையில் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் முதியோருக்கான இல்லம் ஒன்றில் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டான். அந்த இல்லத்தின் படங்களை எனக்கும் அனுப்பியிருந்தான். நல்ல இடம். ஜெப அறை உண்டு, நர்ஸ் உண்டு, லிஃப்ட் உண்டு. பூனைக்கு மட்டும் அனுமதி இல்லை.

அப்படித்தான் எங்கள் வீடு தேர்வாயிற்று. வந்த அன்றே மைனி தன் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். பூனைக்கு எங்கள் பக்கத்தில் பூச்சை என்று பெயர்.

“கிறிஸ்துமஸ் வர பாப்பம். எனக்க பூச்சைக்கு இங்க ஒத்துக்கிட்டா நானும் இருப்பேன். இல்லண்ணா கோட்டுகாலுக்கே பெயிருவேன். அந்த ஹோமுக்கெல்லாம் நான் போமாட்டேன் ஆக்கும்.”

“அங்க தனியா இருந்து இன்னொருக்க விழவா?” என்றாள் என் மனைவி.

“விழுந்தா எந்திரிப்பேன்.”

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மூன்று நிறமும் கலந்த பெண் பூனை. வீட்டின் பத்திரம் தன் பெயரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடமாடும். நாங்கள் சோபாவில் உட்காரும்போது அது எங்களைப் பார்க்கும் பார்வையில், வாடகை பாக்கி வைத்தவர்களைப் பார்க்கும் தோரணை இருக்கும். மைனி கூடைக் கயிற்றை அவிழ்த்ததும் அது ஓடவில்லை, சீறவும் இல்லை. காதுகளைப் பக்கவாட்டில் தாழ்த்தி, வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு, அடுக்களைக்குப் போய்விட்டது.

“பாவம், சமாதானமா போச்சு,” என்றார் மைனி.

முதல் சண்டை மறுநாள் சாளை மீன் வெட்டும்போது நடந்தது. இரண்டாவது சண்டை குடும்ப ஜெபத்தில் நடந்தது. அதை நான் முழுதாகப் பார்த்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மனைவி கண்ணை மூடிக்கொண்டு, இந்த வீட்டுக்குள் வந்த எல்லா உயிர்களுக்கும் நல்ல சமாதானத்தைத் தாரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்பு வெளியே வந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து எங்களுடையது வந்தது. ஒரு நிமிடம் இரண்டும் அசையாமல் நின்றன. பிறகு பைபிளின் மேலாக ஒன்றும், மைனியின் மடி வழியாக இன்னொன்றும் பாய்ந்தன. மைனி கண்ணைத் திறக்காமலே, “சவமே, எறங்குலே,” என்று சொல்லி, அதே மூச்சில் “ஆமென்” என்றும் சொன்னார்.

சண்டை முடிந்த பிறகு நடந்ததுதான் எனக்கு விநோதமாக இருந்தது.

“எனக்க பூச்சதான் அக்கா தொடங்கிச்சு. அது ஒரு கொணங்கெட்டது,” என்றாள் மனைவி.

“இல்ல மக்கா. எனக்க கடுவன் உத்து உத்துப் பாத்துச்சு. அப்படிப் பாத்தா ஆருக்குத்தான் கோவம் வராது?”

“அது வீட்டுக்கு வந்ததாக்கும் அக்கா. நம்மளதுதான் அனுசரிச்சிருக்கணும்.”

“வந்த எடத்துல அதுவாக்கும் மரியாதையா இருக்கணும்.”

வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து இருந்தால் சண்டை வரும் என்று அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். வரவில்லை. பூனைகள் ஒருபக்கம் முடியைப் பிய்த்துக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் யார் அதிகம் மன்னிப்புக் கேட்பது என்று போட்டி போட்டார்கள். மைனி தான் குடித்த டம்ளரை யாரும் பார்ப்பதற்குள் கழுவிக் கவிழ்த்துவிடுவார். மைனி கவிழ்த்த டம்ளரை மனைவி எடுத்து இன்னொருமுறை கழுவுவாள், விருந்தாளி கழுவியதாக இருக்கக் கூடாதாம். மைனி தன் துவர்த்துத் துண்டைக் கொடியில் போடமாட்டார். அறைக்குள் கட்டில் சட்டத்தில் காயப்போடுவார். மனைவி அதைத் தேடி எடுத்து வெயிலில் போடுவாள். தலையில் எண்ணெய் வைக்கும் பழக்கம் மைனிக்கு உண்டு. அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியின் தலைப்பக்கத்தில் ஒரு எண்ணெய் வட்டம் விழும். சாயங்காலத்துக்குள் அந்த வட்டம் காணாமல் போய்விடும்.

வீட்டு மணமும் மாறியது. எங்கள் ஊர்களில் தரை துடைக்கும் வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு புல்தைலம் விடுவார்கள். இஞ்சிப்புல்லிலிருந்து வடிக்கும் எண்ணெய். எலுமிச்சை வாசனை அடிக்கும். ஆள் வருகிறது என்றால் ஒரு சொட்டு கூடும். மைனி வந்த பிறகு எத்தனை சொட்டு விழுந்ததோ தெரியாது. காலையில் கண் விழித்தால், தலைமாட்டில் யாரோ ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்ததுபோல இருந்தது. மனைவிக்கு மைனி மேல் இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன்.

பூனைகளை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. அரசாங்க ஆஸ்பத்திரி. எங்களுக்கு முன்னால் ஒரு ஆடும், ஆட்டுக்கு முன்னால், பசுவை விட்டுவிட்டு வந்த அதன் சொந்தக்காரரும் நின்றிருந்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நாங்கள் தமிழில் சொன்னதை மலையாளத்தில் கேட்டு, மலையாளத்தில் தொடங்கிய பதிலைப் பாதியில் தமிழுக்குத் திருப்பினார். இந்தப் பக்கத்தில் யாரும் அதை இரண்டு மொழியாக எண்ணுவதில்லை.

இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று முதலில் கேட்டார். ஆகியிருந்தது. பிறகு, தனித்தனிக் கிண்ணம், தனித்தனி மணல் தட்டு, கொஞ்ச நாள் தனித்தனி அறை என்று சொல்லிவிட்டு, ஒரு குப்பியைப் பற்றிச் சொன்னார்.

பூனை கதவு மூலையிலும் மேசைக் காலிலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அது செல்லம் கொஞ்சுவது மட்டும் அல்லவாம். கன்னத்திலிருந்து ஏதோ ஒன்றை அங்கே பூசுகிறது. அதற்கு ஃபெரமோன் என்று பெயர். இது எனக்குப் பழகின இடம், பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே எழுதி வைப்பது மாதிரி. அதுபோல, குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்ப்பூனையின் உடம்பிலிருந்தும் ஒன்று வரும். குட்டிகள் அதை முகர்ந்தால் அடங்கிக் கிடக்கும். அவற்றைப் போலவே செயற்கையாகச் செய்து குப்பியில் அடைத்து விற்கிறார்கள். கொசு மருந்து மெஷினைப் போலச் சுவரில் செருகிவிட்டால் மெல்லச் சூடாகி அறையில் பரவும். சண்டை போடும் பூனைகளுக்கு என்று தனியாக ஒன்று உண்டு, அதை வாங்குங்கள் என்றார்.

“எல்லாப் பூச்சைக்கும் பலிக்கும்னு நான் சொல்லமாட்டேன் சாரே. மயக்க மருந்து அல்ல. பேடிக்க வேண்டியதில்ல. இரவும் பகலும் ஓடிக்கிட்டே கெடக்கணும். அதுமட்டும் முக்கியம்.”

இணையத்தில் வாங்கினேன். பார்சல் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்னமும் கண்டக்டர்தான். யார் வீட்டில் யார் ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் என்று பார்க்கும் வேலையிலிருந்து மட்டும் அவர் ஓய்வு பெறவில்லை. பெட்டியின் மேல் இருந்த பூனைப் படத்தைப் பார்த்துவிட்டு, தானே கொண்டுவந்து கொடுத்தார்.

“இதென்ன சாரே, பூச்சைக்குக் கொசுத்திரியா?”

நான் விளக்கினேன். அவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, மதில் பக்கம் திரும்பித் தன் மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

“எடியே, அரசியல் பார்ட்டிக்காரங்க அடிச்சா கலெக்டர் வந்து சமாதானக் கமிட்டி கூட்டுவாரு. சாருக்க வீட்டுல அது பிளக்குல வந்திருக்கு.”

அன்றிலிருந்து அந்தக் கருவிக்கு எங்கள் வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது.

கமிட்டியைக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினோம். மூவரும் அதன் முன்னால் நின்று முகர்ந்து பார்த்தோம்.

“மணம் ஒண்ணும் இல்லியே,” என்றாள் மனைவி.

“நமக்கு மணக்காது. பூனைக்குத்தான்.”

“நமக்கு ஒண்ணும் அறியாண்டாம், வீட்டுக்குள்ள ஒண்ணு எரிஞ்சுக்கிட்டு கெடக்கு. கொள்ளாம், நல்லாருக்கு,” என்று மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

மைனி இன்னும் கொஞ்சம் குனிந்து முகர்ந்தார். “காலிக் குப்பிய அனுப்பி ஏமாத்திப்போட்டானோ தம்பி?”

குப்பியில் திரவம் இருப்பதைக் காட்டினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நம்பவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மழை கூப்பிட்டுவிட்டுத்தான் வரும். மதியம் வரை வெயில், பிறகு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கறுக்கும், சாயங்காலம் இடி. இடிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் எல்லா வீடுகளிலும் ஒரே காரியம் நடக்கும். பிளக்குகளை உருவிவிடுவார்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, உருவ வேண்டும். டிவி, பிரிட்ஜ், இன்டர்நெட் பெட்டி, மிக்ஸி எதுவும் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. இடி ஓய்ந்ததும் வேண்டியதை மட்டும் திரும்பச் செருகுவார்கள். பிரிட்ஜ் வேண்டும், மீன் இருக்கிறது. டிவி வேண்டும், சீரியல் இருக்கிறது. மணமில்லாத ஒன்று யாருக்கு ஞாபகம் வரும்?

பல நாள் சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கண்டக்டரின் குரல்தான் வந்தது.

“சாரே, சமாதானம் தரையில கெடக்கு கேட்டியளா.”

கடைசியில் அந்தக் கருவியை யாரும் தொடக் கூடாது, இடிக்கு உருவுவதும் திரும்பச் செருகுவதும் என் வேலை என்று வைத்துக்கொண்டேன். அதன்பின் கமிட்டி ஒழுங்காகக் கூடியது. பூனைகளிடம் கொஞ்சம் மாற்றம் தெரிந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஒரே அறையில் இருந்தால் முன்பு மூன்றாவது நிமிடம் சீறும். இப்போது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சீறின. அவ்வளவுதான். செய்தியாகப் போட முடியாது.

எங்களுடையது முன்பு காலையில் எழுந்ததும் அடுக்களை நிலைப்படியில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுத்தான் பால் குடிக்கப் போகும். இப்போது அந்த நிலையை முகர்ந்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, பின்வாங்கியது. பிறகு மறுபடி போய்த் தேய்த்தது. அடுத்த நாளும் முகர்ந்தது, பின்வாங்கியது, தேய்த்தது. ஏதோ தன் வீட்டுக்கு வழி கேட்பதுபோல இருந்தது. சிவப்பும் மைனியின் அறைக் கதவில் அதையே செய்தது. பார்த்தேன், பார்த்ததோடு சரி.

டிசம்பர் பிறந்து, கண்டக்டர் வீட்டைத் தவிர எல்லா வீட்டு முன்னாலும் காகித நட்சத்திரம் தொங்கத் தொடங்கியது. கண்டக்டர் வீட்டில் அடுத்த வாரம் தொங்கியது. வேறு வீட்டில் இருப்பது தன் வீட்டில் இல்லாமல் இருப்பதை அவர் தாங்கமாட்டார். அந்தச் சமயத்தில்தான் பெரிய சண்டை வந்தது. சிவப்பு சாப்பாட்டு மேசைக்கு அடியில் எங்களுடையதை மடக்கியது. எங்களுடையது அதன் காதைக் கிழித்தது. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு ஊறப்போட்டிருந்த அரிசிப் பாத்திரம் கவிழ்ந்து, ஈர அரிசியில் இரத்தச் சொட்டுகள் விழுந்தன.

மைனி பூனையைத் துவர்த்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பையின் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அவர் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். அவற்றில் பாதி ஏற்கெனவே பைக்குள் இருந்தவை. அத்தனை வாரங்களில் அலமாரியில் எடுத்து வைக்கவே இல்லை.

“அக்கா, என்ன இது?”

“கிறிஸ்துமஸ் வரண்ணு பறஞ்சேன். அது வந்தாச்சு இல்லியா.”

“இன்னும் எவ்வளவு நாள் கெடக்கு!”

“நாளெண்ணிக்கிட்டு இருந்தா உனக்க பூச்சைக்குக் கண்ணு போவும். அது இருந்த எடத்துல இருக்குது, பாவம். வந்தது நாங்களாக்கும்.” பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, மவன்கிட்ட இப்பம் ஒண்ணும் பறயாண்டாம். அறிஞ்சாண்ணா இன்னைக்கே அந்த ஹோமுக்கு வண்டி அனுப்புவான்.”

கோட்டுகால் வீட்டுக் குளிமுறித் தரை எனக்குத் தெரியும். அண்ணனும் நானும் சேர்ந்து தேர்ந்தெடுத்த டைல்ஸ் அது. கண்ணாடி மாதிரி இருக்கும். முதலில் டாக்டரிடம் காதைக் காட்டுவோம் என்றேன். எங்கள் பூனையின் மூக்கிலும் கீறல் இருந்ததால் அதையும் ஒரு கூடையில் அடைத்தோம். ஆட்டோவில் இரண்டு கூடைகளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் சிவப்பின் காதைச் சுத்தம் செய்தார். தையல் வேண்டாம் என்றார். மருந்து போடக் குனிந்தவர் அப்படியே நின்று, பூனையின் முதுகை முகர்ந்தார். பாதத்தைத் தூக்கி முகர்ந்தார். பிறகு மற்றக் கூடையைத் திறந்து எங்களுடையதையும் முகர்ந்தார். அது அவரைப் பார்த்துச் சீறியது.

“இதென்னா, புல்தைலமோ?”

தரை துடைக்கிற தண்ணீரில் விடுவோம் என்றேன்.

“அந்தக் குப்பி எல்லா நேரமும் ஓடுதா?”

ஓடுகிறது என்றேன்.

“வீட்டுல ஆரு தொடைக்குது?”

“நான்,” என்றாள் என் மனைவி.

“நான்,” என்றார் மைனி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. வெளியே ஒரு ஆடு கத்தியது. மனைவி மைனியைப் பார்த்தாள். மைனி மேசையைப் பார்த்தார்.

“அக்கா எதுக்குத் தொடைக்கணும்?”

“இல்ல மக்கா... எனக்க பூச்ச உனக்க கதவுல, நெலையில எல்லாம் மூஞ்சியத் தேச்சு வைக்குது. வெள்ளைப் பெயின்ட்டு. நீ காண்பதுக்கு முன்ன ஒரு துணிய நனைச்சு...”

“தைலம் விட்டா?”

“பின்ன, விடாண்டாமா? பூச்ச மணம் போவணுமே.”

“எப்பம்?”

“நீ துணி காயப்போடப் போவும்போ.”

மனைவி தன் பூனையின் கூடையை மூடினாள். பிறகு டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: “நான் இவங்க குளிக்கப் போவும்போ இவங்க முறியில தொடைப்பேன். எனக்க பூச்ச அங்க கட்டில் காலுல வந்து தேய்க்கும். அக்காக்கு அருவருப்பா இருக்குமேண்ணு.”

டாக்டர் சிரிப்பை அடக்கியபடி கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே சொன்னார். குப்பியில் நாங்கள் வாங்கி வைத்ததும், பூனைகள் தாமே இலவசமாகப் பூசுவதும் ஒரே இனம். ஒருவர் சுவரில் செருகுகிறார், இரண்டு பேர் சுவரைத் துடைக்கிறார்கள். அதுவும் பூனைக்கு ஆகவே ஆகாத தைலத்தால். ஈரத்தில் நடந்து, பாதத்தை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல்.

“சாரே, தினமும் காலையில எழுந்தா இந்த ரெண்டுக்கும் புதுசா ஒரு வீடு. நேத்து வச்ச அடையாளம் ஒண்ணும் இல்ல. அந்நியன் வீட்டுல ரெண்டு அந்நியர். அடிக்காம என்ன செய்யும்? தரைய வெறும் தண்ணியில தொடைங்க. கதவு மூலையத் தொடாதீங்க.”

ஆட்டோவில் திரும்பும்போது அந்த வீட்டின் முதல் சண்டை நடந்தது. பூனைகள் அதில் கலந்துகொள்ளவில்லை.

“எனக்க வீட்டுல நீங்க துணிய எடுத்துத் தொடைக்கவா அக்கா? ஆராவது கண்டா என்ன பறயும்? கெழவிய வேலைக்கு வச்சிருக்கேன்னு பறயாதா?”

“கெழவியா? ஆரடி கெழவி?”

“பேச்சுக்குப் பறஞ்சேன்.”

“நீ மட்டும் எனக்க முறியில கேறித் தொடைக்கலாமா? நான் குளிக்கப் போவும்போ ஒளிஞ்சு ஒளிஞ்சு?”

“அது எனக்க வீடு, நான் தொடைப்பேன்.”

“அப்பம் நான் ஆரு? விருந்துக்காரியா?”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நான் இரண்டு கூடைகளையும் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். கமிட்டி அவ்வளவு தூரம் எட்டாது.

“விருந்துக்காரிண்ணு நான் பறஞ்சேனா?”

“டம்ளர ரெண்டாவதும் கழுவியது ஆரு? எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் ஆக்கும்.”

“துவர்த்தக் கொடியில போடாம கட்டில்ல போடுதது ஆரு? அது எனக்கு எவ்வளவு வெசனமா இருக்கும்ணு அறியாண்டாமா?”

வீட்டு வாசலில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இறங்கினார்கள். கண்டக்டர் மதில் மேல் கையை வைத்து நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கூடைகளைப் பார்த்துவிட்டு, இரண்டு பெண்களையும் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

மறுநாள் காலையில் மைனியின் துவர்த்து கொடியில் கிடந்தது. பையின் ஜிப் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று நான் எட்டிப் பார்த்தேன். பாதி திறந்திருந்தது.

புல்தைலப் பாட்டில் அடுக்களை மேல்தட்டில் தூக்கி வைக்கப்பட்டது. நிலைப்படியின் மூலையில், பூனையின் கன்னம் எட்டும் உயரத்தில், மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு தடம் வந்தது. நாளாக ஆக அது கறுத்தது. என் மனைவி படும் பாட்டைப் பார்க்க வேண்டும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பஸ்ஸில் கடன்காரனைக் கண்டவள்போல. கரோல் குழு வருவதற்கு முன்பு அவள் கையில் ஒரு ஈரத் துணியைக் கண்டேன். எனக்கு முன்னால் மைனி கண்டார்.

“கை வைக்காத மக்கா.”

“சபையில இருந்து ஆளு வருதாக்கும் அக்கா. பாஸ்டரு வருதாரு.”

“பாஸ்டருக்கு என்ன, கதவையா பாக்க வாறாரு? துணிய இங்க தா.”

கொடுத்துவிட்டாள். பாஸ்டர் வந்தார், கதவைத்தான் முதலில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. டிரம் அடித்துக்கொண்டு பிள்ளைகள் பாடியபோது இரண்டு பூனைகளும் மைனியின் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தன. ஒரே கட்டில். பாட்டு முடிந்து ஆட்கள் போன பிறகு மூவரும் குனிந்து பார்த்தோம். ஒரு மூலையில் ஒன்று, எதிர் மூலையில் இன்னொன்று. சீறல் இல்லை.

அவை நண்பர்கள் ஆகிவிட்டன என்று எழுதினால் பொய். ஒன்றையொன்று நக்கிக் கொடுக்கவில்லை, ஒரே கிண்ணத்தில் சாப்பிடவில்லை. சோபாவின் இரண்டு முனைகளில் படுத்தன, ஒரே ஆபீஸில் வேலை பார்த்தும் பேசிக்கொள்ளாத இரண்டு சீனியர்கள்போல. ஒருநாள் எங்களுடையது நிலைப்படியில் கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு வந்தது. அதே இடத்தை முகர்ந்தது, நின்றது, பிறகு தானும் கன்னத்தைத் தேய்த்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். மேற்கொண்டு சாட்சி இல்லாததால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

எதனால் அடங்கின என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. குப்பியால் என்பது என் கட்சி. தைலம் நின்றதால் என்பது மைனியின் கட்சி. ஜெபத்தால் என்கிறாள் மனைவி. டாக்டரிடம் கேட்டால் மூன்றும் அப்படியே நடக்கட்டும் என்கிறார்.

மைனியின் மகன் கிறிஸ்துமஸுக்கு முன்பு வீடியோவில் வந்தான். அந்த இல்லத்தில் ஒரு அறை காலியாகப் போகிறது, பேசி வைக்கட்டுமா என்று கேட்டான். மைனி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“நான் கோட்டுகாலுக்குப் போறேன்.”

என் மனைவி அடுக்களையில் கையிலிருந்த அகப்பையோடு நின்றுவிட்டாள். வளைகுடாவிலும் அசைவில்லை, படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எனக்க சபையில இருக்கண்டாமா? போயிட்டு வாறேன். சித்தப்பா கொண்டு விடுவாரு. ஒரு ராத்திரி அங்க உள்ள உனக்க அத்தைக்க வீட்டுல கெடப்பேன், தனியா இல்ல. பேடிக்காத.”

“அப்பம் பூச்ச?” என்றான் மகன்.

“அது இங்க கெடக்கும். அதுக்கு ஆராதனை வேண்டாம்.”

புறப்பட்ட அன்று மைனி ஒரு பை மட்டும் எடுத்தார். கூடை மேல்தட்டில், புல்தைலப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆட்டோவில் ஏறும்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டர் கேட்டார்.

“அம்மா, கமிட்டி பிரிஞ்சாச்சா?”

“இல்ல மக்களே, ஒரு மெம்பரு லீவுல போறா. இடி இடிச்சா அந்தச் சாமானத்த உருவச் சொல்லணும் நீங்க. தம்பிக்கு ஓர்மை கெடையாது.”

அவரைக் கோட்டுகாலில் விட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மனைவி கூடத்தைப் பெருக்கி, வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு சோபாவின் தன் முனையில் கிடந்தது. மைனி உட்காரும் நாற்காலியின் தலைப்பக்கத்தில் எண்ணெய் வட்டம் அப்படியே இருந்தது. மனைவியின் துணி கைப்பிடி வரை வந்தது, மேலே ஏறியது, வட்டத்துக்கு ஒரு விரல் கீழே நின்றது.

“கெடக்கட்டு,” என்றாள், என்னைப் பார்க்காமல். துணியை வாளியில் பிழிந்தாள்.